சிவகிரி மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி... தேக்கடியில் ஈஸியா நடக்க 4 வழிகள்!

தென்காசி மாவட்டம் ராயகிரியில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான். ஜூன், ஜூலை வந்துவிட்டால் அதன் தலையில் மேகம் மூடியே கிடக்கும். நம்ம பக்கம் காற்று மட்டும் வரும். மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே பெய்து தீர்ந்துவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

சிவகிரி மலைத்தொடரில்தான் பெரியாறு பிறக்கிறது. அங்கிருந்து காட்டுக்குள்ளேயே வடமேற்காக ஓடி, முல்லைப் பெரியாறு அணையில் முட்டி நிற்கிறது. அப்படித் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் நாம் ‘தேக்கடி ஏரி’ என்கிறோம். ராயகிரியிலிருந்து மேப்பில் நேர்கோடு போட்டால் சுமார் 40 கிலோமீட்டர். ஆனால், அந்தக் கோட்டில் போக வழி கிடையாது. ராஜபாளையம், தேனி, கம்பம் என்று சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போக வேண்டும்.

போகலாமா? தாராளமாகப் போகலாம். தேக்கடி என்றாலே போட்டிங் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஏரியைச் சுற்றி, இதுவரை மலையே ஏறாதவர்கள்கூட நடக்கக்கூடிய வழிகள் இருக்கின்றன. அவை என்னென்ன, யார் கூட்டிப் போவார்கள், எப்போது போனால் நல்லது என்று பார்ப்போம்.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில்...

முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1895. கட்டியவர் பென்னிகுவிக். தேனி, மதுரைப் பக்கம் வீடுகளில் இன்றைக்கும் இவர் படம் மாட்டியிருப்பார்கள். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிவிட்டதுதான் அவர் செய்த வேலை.

அணை எழுந்ததும் பள்ளத்தாக்கில் இருந்த காடு தண்ணீருக்குள் மூழ்கியது. மூழ்கிய மரங்களின் பட்டுப்போன கட்டைகள் இன்றைக்கும் ஏரிக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக நிற்கின்றன. தேக்கடி போட்டோ என்று கூகுளில் தேடினால் முதலில் வருவதே இந்தக் கட்டைகள்தான். 125 வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்கும் அந்த மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருக்கும். இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஏரியின் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம், 900 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். 1978-லிருந்து புலிகள் காப்பகமாக இருக்கிறது. ஏரிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடிவார ஊர்களைவிட வெப்பம் 4, 5 டிகிரி குறைவாகவே இருக்கும்.

‘இங்க இருந்தே ஏறிப் போயிரலாமே!’

மலை கண் முன்னாடியே இருக்கும்போது, 200 கிலோமீட்டர் எதற்குச் சுற்ற வேண்டும் என்று தோன்றும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி, அப்படியே வீடியோ எடுத்துப் போட்டால் வியூஸ் அள்ளும் என்ற ஆசையும் வரும். குறிப்பாக, செண்பகவல்லி தடுப்பணையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு.

மலை உச்சிப் பக்கம் ஓடும் நீரை வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கத்துக் குளங்களுக்குத் திருப்பிவிட சிவகிரி ஜமீன் காலத்தில் கட்டப்பட்ட தடுப்பணை அது. பல பத்தாண்டுகளுக்கு முன்பு அதில் உடைப்பு ஏற்பட்டது. அணை இருக்கும் இடம் கேரள எல்லைக்குள், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. சரிசெய்து தரச் சொல்லி இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை நேரில் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால், தனியாகப் போவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

இந்தப் பக்கத்துக் காடு நெல்லை வன உயிரினச் சரணாலயம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், 2021-ல் அறிவிக்கப்பட்டது. மேற்கே பெரியாறு. மூன்றும் ஒட்டியிருப்பதால் யானையும் புலியும் இதைத் தங்கள் ஒரே வீடாகப் புழங்குகின்றன. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

சட்டத்தை விடுங்கள், 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் டிரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளைஞர்கள். வார இறுதிக்கு ஜாலியாக மலையேறக் கிளம்பியவர்கள்.

மார்ச் மாதத்தில் மலைச்சரிவுப் புல் சருகாகக் காய்ந்திருக்கும். தீ பற்றினால் அதன் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முதலிலேயே சூடாக்கிவிடும். அதனால், சரிவில் தீ கீழே இறங்குவதைவிட மேலே ஏறும்போதுதான் படுவேகம். அந்த வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. வழி தெரிந்த ஒருவரும், ‘இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதே’ என்று சொல்லும் ஒரு அலுவலகமும் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இங்கே மலையேற்றத்துக்குத் தனியாக விதிமுறைகள் வந்தன.

ஆக, மலையைப் பார்க்க ஆசையா? வாசல் வழியாகப் போவோம். அந்த வாசல் குமுளியில் இருக்கிறது.

ஏரிக்கரை நடை ஏன் ஈஸி?

மலையேற்றத்தில் நம்மைக் கஷ்டப்படுத்துவது தூரத்தைவிட ஏற்றம்தான். சமதளத்தில் 5 கிலோமீட்டர் நடக்கிறவருக்கு, 500 மீட்டர் செங்குத்தாக ஏறச் சொன்னால் மூச்சு வாங்கும்.

ஏரிக்கரையில் அந்தப் பிரச்னை குறைவு. தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், கரையை ஒட்டிய பாதையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்தான். மலைகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் தண்ணீர் புகுந்ததால் தேக்கடி ஏரி கைவிரல்களைப் போலக் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குப் போக நடுவில் இருக்கும் சின்ன மேட்டை ஏறி இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்றம்.

ஆனால், இந்த ஏரிக்கு ஒரு விசேஷம் உண்டு. கரை ஒரே இடத்தில் நிற்காது!

அணையில் தேக்கிக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்த உயரம் 142 அடி. சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வர வேண்டுமானால் மட்டம் 104 அடிக்கு மேல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே வருடம் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 135-ஐத் தாண்டினால் தண்ணீர் காட்டின் விளிம்பையே தொட்டுவிடும். நடை முழுக்க மரங்களுக்கு நடுவில்தான். 115 வாக்கில் இறங்கினால் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அகலமான கரை வெளிப்படும். அதில் இளம் புல் முளைக்கும். புல்லைத் தேடிக் காட்டு மாடு, கடமான், காட்டுப் பன்றி, யானை எல்லாம் வரும்.

முல்லைப் பெரியாறு நீர்மட்டம் தினமும் தமிழ் நாளிதழ்களில் வருகிறது. டிக்கெட் போடும் முன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். விலங்குகளைப் பார்க்க ஆசை என்றால் மட்டம் இறங்கியிருக்கும்போது போங்கள். பச்சைப் பசேல் காடும் நிறைந்த ஏரியும் வேண்டும் என்றால் ஏறியிருக்கும்போது.

நடக்க 4 வழிகள்

இவை எல்லாமே பெரியாறு புலிகள் காப்பகத்தின் சூழல் சுற்றுலா நிகழ்ச்சிகள். வழிகாட்டி இல்லாமல் ஒரு அடிகூட வைக்க முடியாது. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால், காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

1. நேச்சர் வாக்: முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி. சுமார் 3 மணி நேரம், 4 முதல் 5 கிலோமீட்டர். காலையில் கிளம்பும் முதல் பேட்ச்சைப் பிடித்துவிடுங்கள். விலங்குகளும் பறவைகளும் நடமாடும் நேரம் அது. ஒரு வழிகாட்டிக்கு நாலைந்து பேர்தான். ஏரியின் ஒரு கிளையை மூங்கில் தெப்பத்தில் கடந்து மறுகரையில் இறங்கி நடையைத் தொடங்குவதும் உண்டு. ‘4 கிலோமீட்டருக்கு 3 மணி நேரமா?’ என்று கேட்காதீர்கள். பாதி நேரம் நின்று பார்ப்பதிலேயே போய்விடும். யானை உரசிய மரத்தில் காய்ந்த சேறு, கரடி நகம் பதிந்த பட்டை, தலைக்கு மேலே வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மலை அணில் எனப் பார்க்க அவ்வளவு இருக்கிறது.

2. கிரீன் வாக்: இதுவும் ஏறத்தாழ அதே நேரம்தான். ஏரியைவிடக் காட்டுக்குத்தான் முக்கியத்துவம். பெரிய மரங்கள், நிழல், ஓடைகள். வெயில் ஆகாதவர்களும் பறவை பார்க்கிறவர்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கருமந்தியின் குரல் காட்டையே அதிரவைக்கும். சத்தத்தைக் கேட்டு ஏதோ பெரிய மிருகம் என்று மிரண்டுவிடாதீர்கள்!

3. மூங்கில் தெப்பப் பயணம்: ஒரு முழு நாள். காலை 8 மணிக்குத் தொடங்கினால் திரும்ப மாலை 5 ஆகிவிடும். கொஞ்சம் நடை, கொஞ்சம் தெப்பம் என்று மாறி மாறிப் போகும். உடன் வழிகாட்டிகளும், துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலரும் வருவார்கள். நடை கடினமில்லை, ஆனால் நாள் நீளம். தெப்பத்தில் மோட்டார் சத்தம் கிடையாது. துடுப்பு தண்ணீரில் விழும் ஓசையோடு போகலாம். ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம்: லைஃப் ஜாக்கெட். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். போட்டோவுக்காக ஜாக்கெட்டைக் கழற்றுவதும், எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதும் கூடவே கூடாது.

4. பார்டர் ஹைக்கிங்: இதுவும் முழு நாள் நடை. 900 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கும். ‘ஈஸி’ பட்டியலின் கடைசி வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் அரை மணி நேரமாவது நடக்கிற பழக்கம் இருந்தால் சமாளித்துவிடலாம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் நேராக இதற்குப் போகாதீர்கள். முதல் நாள் நேச்சர் வாக், அது ஒத்துவந்தால் அடுத்த முறை இது.

இவை போக, ‘டைகர் ட்ரெயில்’ என்று காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் தங்கி நடக்கும் பயணமும் இருக்கிறது. அது அனுபவம் உள்ளவர்களுக்கானது. பெயரைக் கேட்டுப் புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புலியின் கால்தடம் கிடைத்தாலே அன்றைக்கு அதிர்ஷ்டம்தான்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் திறக்கும் பாதை ஒன்றும் உண்டு. சித்ரா பௌர்ணமி அன்று எல்லை மலைமேல் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பக்தர்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். அந்த நடை செங்குத்து, கூட்டமும் எக்கச்சக்கம். பழக்கமில்லாதவர்கள் யோசித்து முடிவெடுங்கள்.

கூட்டிப் போகிறவர்கள் யார்?

தேக்கடி நடையின் சுவாரஸ்யமே இதில்தான் இருக்கிறது.

வழிகாட்டிகளில் பலர் மன்னான், பளியர் பழங்குடியினர். இரண்டு சமூகத்தினரோடும் தமிழிலேயே பேசலாம். பளியர்கள் நமக்கும் அந்நியர்கள் இல்லை. வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணைப் பகுதியில் இருப்பவர்களும் பளியர்கள்தான். மாநில எல்லை பிறகு வந்தது. மலையின் இரண்டு பக்கமும் அவர்கள் அதற்கு முன்பிருந்தே வாழ்கிறார்கள்.

டைகர் ட்ரெயிலைத் தொடங்கி நடத்தியவர்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஒரு காலத்தில் இதே காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, வயணா எனப்படும் காட்டுக் கருவாப் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் அவர்கள். 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை அவர்களோடு பேசியது. பட்டை வெட்டுவதை விட்டுவிட்டு, காட்டைக் காட்டும் வேலைக்கு வந்தார்கள். எந்த ஓடையில் எந்த நேரம் யானை வரும், எந்தப் புதரில் ஒளிந்தால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அந்த அறிவு அப்படியே கடத்தலைத் தடுக்கும் ரோந்துக்குத் திரும்பியது.

பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. ‘வசந்த சேனா’ என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் குழு குழுவாக முறை வைத்து, சந்தன மரங்கள் இருக்கும் பகுதியில் ரோந்து போகத் தொடங்கினார்கள். சம்பளம் கிடையாது. 2000-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை இது.

நீங்கள் கட்டும் டிக்கெட் பணத்தில் இவர்களின் கூலியும் இருக்கிறது. ‘டிக்கெட் எல்லாம் எதுக்கு, நான் உள்ளே கூட்டிப் போறேன் வாங்க’ என்று குமுளி பஸ் ஸ்டாண்டில் யாராவது கூப்பிட்டால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எப்போது போகலாம்?

* செப்டம்பர் முதல் ஜனவரி வரை: காடு பசுமையாக இருக்கும், குளிர் இதமாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் பக்தர்களால் குமுளியில் கூட்டம் அதிகம். ரூம், பஸ் இரண்டையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.
* பிப்ரவரி முதல் மே வரை: நீர்மட்டம் இறங்கும், விலங்குகள் கரைக்கு வரும். ஆனால் காட்டுத்தீ அபாயம் அதிகமானால் நடைகளை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன்பு உறுதி செய்துகொள்ளுங்கள்.
* ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: அடைமழை. அட்டைகளின் ராஜ்ஜியம். மழையை ரசிக்கிறவர்களுக்கு மட்டும்.

எப்படிப் போவது?

ராயகிரியிலிருந்து சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போய், உசிலம்பட்டி வழியாகத் தேனியைப் பிடிக்கலாம். தேனியிலிருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி. மதுரை வழியாக வருகிறவர்களுக்கு ஆரப்பாளையத்திலிருந்து குமுளிக்கு நேரடி பஸ்கள் இருக்கின்றன.

காலை நடைக்குப் போக வேண்டும் என்றால் முதல் நாள் மாலையே குமுளியில் இருந்தாக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புவது ஆகாத காரியம். சொந்த வண்டியில் போனாலும் படகுத்துறை வரை கொண்டுபோக முடியாது. ஆனவச்சாலில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும். ஆன்லைனில் புக் செய்யாதவர்கள் குமுளி அம்பாடி ஜங்ஷனில் இருக்கும் சூழல் சுற்றுலா மையத்தில் நேரில் கேட்கலாம். வார இறுதியில் இடம் கிடைப்பது சிரமம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அணையைப் பார்க்க முடியாது. அது பாதுகாக்கப்பட்ட பகுதி, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. சுற்றுலாப் படகும் அதுவரை போகாது.

பைக்குள் என்ன வேண்டும்?

* பிடிமானம் உள்ள ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம்.
* காக்கி, பச்சை, பழுப்பு நிற முழுக்கைச் சட்டை, முழு பேன்ட். பளிச் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம்.
* ஒரு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய். புளியங்குடி எலுமிச்சை ரெண்டும் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் இருந்தால், நடை முடிந்ததும் கலக்கிக் குடிக்கலாம். பழத்தோலும் மிட்டாய்க் கவரும் உங்களோடே திரும்பி வர வேண்டும்.
* சின்ன மழைக்கோட்டு. மழை சொல்லிக்கொண்டு வராது.
* கொஞ்சம் ரொக்கப் பணம். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே உதவாது.
* ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் தங்கள் மருந்தை மறக்க வேண்டாம்.

சென்ட், பாடி ஸ்ப்ரே வேண்டாம். விலங்குகள் தூரத்திலேயே மோப்பம் பிடித்து விலகிவிடும். ட்ரோனுக்கு அனுமதி இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரை ரூமிலேயே வைத்துவிடுங்கள். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு ரீல்ஸ் எடுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் விலங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி வேண்டாம்.

அட்டை கடித்தால்? யானை வந்தால்?

அட்டை கடித்தால் வலிக்காது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்திவிட்டு உறிஞ்சுவதால், அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். பிடித்து இழுக்காமல், நகத்தால் ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பி எடுத்துவிட்டுத் தண்ணீரில் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். மழைக்காலத்தில் அட்டை உறை கொடுப்பார்கள். ஷூவுக்குள்ளே, முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

யானை விஷயத்தில் ஒரே விதிதான்: வழிகாட்டி சொல்வதை அப்படியே கேட்பது. அவர் நின்றால் நில்லுங்கள். கையைக் காட்டினால் சத்தமில்லாமல் பின்னால் நகருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவர் மண்ணைத் தூவிப் பார்ப்பார். நம்ம வாடை யானைக்குப் போகாத பக்கமாகக் கூட்டிப் போவதற்குத்தான் அது. ‘இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாம் அண்ணே’ என்று கெஞ்சாதீர்கள். நாலைந்து பேர் மட்டும் ஒரு குழுவாகப் போவதற்குக் காரணமும் இதுதான். கூட்டம் பெரிதானால் யாராவது ஒருவர் பதறி ஓடுவார். அவரைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டுமா?

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, ஆன்லைனிலேயே புக் செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். நீர் ஓரமாக நடக்க ஆசைப்படுகிறவர்கள் கோவை மாவட்ட ஆழியார் கால்வாய்க் கரைப் பாதையைப் பாருங்கள், எளிதான வகை. காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்தப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். குரங்கணியில் விபத்து நடந்தது மார்ச் மாதம் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த விடுமுறையின் அர்த்தம் புரியும்.

கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் பேரிஜம் ஏரிக்கும் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகளைத்தான் விடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது, அதனால் கெடுபிடி கொஞ்சம் அதிகம்தான்.

தேக்கடிக்கும் அது பொருந்தும். ஏரிக்கரையில் நீங்கள் போடும் பிளாஸ்டிக் அங்கேயே நிற்காது. அந்தத் தண்ணீர் மலைக்கு அடியில் 5,704 அடி நீளச் சுரங்கத்தில் நுழைந்து, கிழக்கே வெளிவந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, வைகை வழியாக மதுரை, ராமநாதபுரம் வரை போகிறது. கோடிக்கரை எங்கோ இருக்கட்டும், குடத்தோடு காத்திருக்கும் வீடுகள் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன.

ஊர் திரும்பும்போது குமுளி மலைப்பாதையில் ஜன்னலோர சீட்டைப் பிடியுங்கள். அந்தக் குழாய்கள் ரோட்டைக் கடந்து கீழே இறங்குவதைப் பார்க்கலாம். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபமும் இருக்கிறது, 2013-ல் திறந்தது. இறங்கி ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

சிவகிரி மலையில் பிறந்த தண்ணீர் ராமநாதபுரம் வரை போகிறது. அடிவாரத்தில் இருக்கும் ராயகிரிக்கோ வானம்தான் கொடுக்க வேண்டும். அது ஏன், செண்பகவல்லி விவகாரம் ஏன் இன்னும் பேசி முடியவில்லை என்பதெல்லாம் பெரிய கதை. மலைக்கு அந்தப் பக்கம் போய், அந்தத் தண்ணீர் எவ்வளவு, அந்தக் காடு எப்படி இருக்கிறது என்று கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால், அடுத்த தடவை ஊரில் யாராவது இதைப் பேசும்போது உங்களிடமும் சொல்ல நாலு விஷயம் இருக்கும்.

நீர்மட்டத்தைப் பாருங்கள், டிக்கெட் போடுங்கள், ஷூ லேஸை இறுக்கிக் கட்டுங்கள். மற்றதை வழிகாட்டி பார்த்துக்கொள்வார்!